நடக்கிற பறவையைப் போட்டது நான்தான்

கண்ணு,

இப்படி நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன் என்று கோவித்துக்கொள்ளாதே. இன்றைக்கு லாட்ஜில் இரண்டு வேன் நிறைய ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் அறை பார்த்துக் கொடுத்து, வெந்நீர் வரவில்லை என்ற சண்டையைத் தீர்த்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து அப்பாவுக்குச் சோறு போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போதே எஸ்டேட் மொத்தமும் தூங்கிப்போய்விட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடமிருந்து நீளமாக ஒன்று வந்தால் உனக்கு அந்த நினைப்புதான் முதலில் வரும். அந்தப் பயம் என்னிடமிருந்து உனக்கு ஒட்டிக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் நீ இன்டர்நெட்டில் ஆரம்பித்த பறவைப் பக்கத்தை, வருகிற ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அழித்துவிடப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். அழிக்காதே சாமி. யாரோ பாஸ்வேர்டைத் திருடி உள்ளே புகுந்து உன் பெயரில் படம் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி உன்னை நினைக்க வைத்தவள் நான். திருடன் யாரும் இல்லை. நீ வேலைக்குப் போனதிலிருந்து அதில் படம் போடுவது நான்தான்.

நேற்றே சொல்லியிருக்கலாம். "ஆபீஸ்ல மேனேஜர் எல்லார் முன்னாடியும் பெரிய திரையில ஓட்டிக் காட்டுறாரும்மா. உன் பழைய பறவைய விட இந்த நடக்குற பறவை அருமையா இருக்கு, வர்ற விளம்பரத்துக்கு இதே மாதிரி செஞ்சு குடுன்னு கைதட்டுறாரு. நான் செய்யலைன்னும் சொல்ல முடியல, செஞ்சேன்னும் சொல்ல முடியல. திருதிருன்னு முழிச்சேன்" என்றாய். நீ விட்டுப்போன பழைய போன் அப்போது என் மடியில்தான் கிடந்தது. நானோ, "எவனாச்சும் ஹேக் பண்ணியிருப்பானோ என்னமோ கண்ணு, இப்பல்லாம் இது நொம்ப நடக்குதாம்" என்றேன். கவுன்டரில் நின்று நின்று, யார் எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் சொல்லி அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது எனக்கு. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் இதோ வந்துவிடும் என்பேன். அதேபோல் உன்னிடமும் சொல்லிவிட்டேன். "அப்படின்னா மொத்தத்தையும் அழிச்சிடறேன்" என்று நீ வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிடக் கை வரவில்லை. குரல் கேட்டால் மறுபடியும் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சொன்னதே இல்லை. சேலத்தில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தபோது பரீட்சை ரிசல்ட் பார்க்க பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்பு, ஒரு ஃபேன், மூட்டை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். ஒரு படம் வருவதென்றால் மேலிருந்து கோடு கோடாக இறங்கி வரும். முகம் வருவதற்குள் காசுக்கு வாங்கின நேரம் முடிந்துவிடும். ரிசல்ட் வரவில்லை. மிச்சம் இருந்த நேரத்தில் எதையோ அமுக்கியதில் ஒரு பக்கம் திறந்தது. அங்கே ஆட்கள் கீபோர்டில் இருக்கும் எழுத்தையும் புள்ளியையும் அடைப்புக்குறியையும் வைத்தே பூனை, கப்பல், மரம் எல்லாம் வரைந்து போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நம் மலையில் காப்பித் தோட்டத்துக்குள் வந்து நிற்குமே காட்டெருமை, அதை நட்சத்திரக் குறியும் அடைப்புக்குறியுமாக வைத்து அடித்து, பெயர் போடாமல் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் யாரோ அதன் காலடியில் புல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி. எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் இல்லை. பஸ்ஸில் மலை ஏறும்போது முழுக்க எனக்குச் சிரிப்பாக வந்தது. பக்கத்து சீட்டு அம்மா, "என்ன அம்மிணி, மாப்பிள்ளை பாத்துட்டாங்களா?" என்று கேட்டார். பார்த்திருந்தார்கள், அது எனக்குத்தான் தெரியாது. கடைசி வருஷம் முடியுமுன் கல்யாணம், அடுத்த வருஷம் நீ. நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. உனக்குக் காய்ச்சல் வந்தால் நானும் உட்கார்ந்து அழுவேன். காட்டெருமையை எங்கே நினைப்பது.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்த நோய்க் காலத்தில் நீ காப்பி காயவைக்கிற களத்தில் இறங்கினாய். தோல் உரித்துக் கழுவின காப்பிக் கொட்டையை வெயிலில் பரப்பி, பலகையால் திரும்பத் திரும்பக் கிளறிவிடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன்தான் நீ. அன்றைக்குத்தான் அந்தப் பலகை இழுத்த வரிகள் உனக்குச் சிறகாகத் தெரிந்தன. குடோன் கூரையிலிருந்து மூங்கிலை நீட்டி, நுனியில் போனைக் கட்டி, ஒவ்வொரு முறை கிளறும்போதும் ஒரு பறவையைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி வரைந்து ஒவ்வொரு படமாக எடுத்தாய். எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஆள் பார்க்கிற ரைட்டர் மகன் என்பதால் அப்பா விட்டார். ஆனால் கறாராகச் சொல்லித்தான் விட்டார். "படத்த எடுத்துக்க. அடுத்த கிளறலுக்கு நேரமாச்சுன்னா அழிச்சிரோணும். கொட்ட புழுங்குச்சுன்னா உன் பறவைய நானே தொரத்திருவேன்." கொட்டை கிளறுகிற ராசாத்தி பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஏனுங்க ரைட்டரே, உங்க பையன் களத்துல கோழி வுடறானுங்க. முட்ட போட்டா எனக்கு ரெண்டு எடுத்து வெக்கச் சொல்லுங்க" என்பாள். "கோழி இல்லியாம் ராசாத்தி, கொக்காம்" என்பார் அப்பா. "கொக்குக்கு இத்தாத்தண்டி வயிறா? மாசமா இருக்கறாப்பல இருக்குது." நீ கூரையிலிருந்து, "அக்கா, நகருங்க, உங்க நெழல் விழுகுது" என்று கத்துவாய். ஒரு சீசன் முழுக்க எடுத்ததை ஓட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. பறவை இடது ஓரத்தில் உள்ளே வந்து, களம் முழுக்கப் பறந்து, வலது ஓரத்தில் வெளியே போனது. அவ்வளவுதான்.

களத்தில் அதற்கு மறுநாள் இடமில்லை. மிச்சம் இருக்க வேண்டுமென்றால் இன்டர்நெட்டில்தான் இருக்க வேண்டும். இங்கே பேச்சும் எழுத்தும் போகிற அளவுக்குத்தான் சிக்னல், வீடியோ ஏறாது. சமவெளி டவர் எட்டுகிற இடம் கரடியூர் வியூ பாயின்ட்தான். அப்பா பைக்கில் நீ பின்னால் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, படம் இன்டர்நெட்டில் ஏறி முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பாறையில் காத்திருப்பீர்கள். மூடுபனி வந்தால் பாதியில் நின்றுவிடும், மறுநாள் மறுபடி. அந்தப் படத்துக்குக் கீழே நீ எழுதின ஒரு வரியைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "பறவை வலது பக்கம் போயிருக்கிறது. உங்கள் ஊரில் இடது பக்கமாக வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்."

யார் அனுப்பப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பினார். வாசலில் தினமும் பனியை வாரித் தள்ளுகிறவராம். அந்த மண்வெட்டி இழுத்த வரியிலேயே உன் பறவை இடது பக்கமாக நுழைந்து அவர் வாசலைத் தாண்டி வலது பக்கம் போனது. பிறகு தெற்குக் கடற்கரையில் உப்பளத்தில் வேலை செய்கிறவர் ஒருத்தர். உப்பு வாரும் பலகையில் அவர் பறவை. எல்லாவற்றையும் நீ ஒன்றோடொன்று ஒட்டினாய். காப்பியிலிருந்து பனிக்கு, பனியிலிருந்து உப்புக்கு ஒரே பறவை பறந்தது. அப்பா அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். அப்புறம், "இந்தப் பனிக்கார அம்மா வாரற வாகு நல்லா இருக்குது, களத்துக்கு வேலைக்கு வரச் சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். செல்போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் காலம் வந்தது. படம் அகலமாக இருந்தால் யாரும் நிற்பதில்லை என்று சொல்லி இரண்டு ஓரத்தையும் வெட்டினாய். வந்ததும் போய்விட்டது பறவை. மேலே யாரோ பாடின பாட்டை ஒட்டினாய். ஒன்றை எக்கச்சக்கமான பேர் பார்த்தார்கள். அடுத்ததை யாரும் பார்க்கவில்லை. பல் விளக்குமுன் எண்ணிக்கையைப் பார்க்க ஆரம்பித்தாய். பெங்களூரில் வேலை கிடைத்ததும் பழைய போனை என்னிடம் கொடுத்து, "வெச்சுக்கம்மா" என்று கிளம்பிவிட்டாய். போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு வரி தட்டி, காப்பிக் களத்தில் பறக்கிற பறவைகளாக நூறு படம் மிஷின் போட்டதைக் காட்டினாய். நான் யோசிக்காமல், "அழகா இருக்குதே கண்ணு" என்றேன். உன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் எதுக்கும்மா அந்த வெயில்ல நின்னேன்?" என்றாய். நான் முறுக்குத் தட்டை உன் பக்கம் நகர்த்தினேன். அதற்குப் பதில் இப்போதும் முழுசாகத் தெரியாது. அந்த நூறு படமும் அழகுதான். ஆனால் அதில் ஒரு பறவையும் ஓரம் தாண்டி யார் வீட்டுக்கும் போவதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டில் அதற்காக ஒருத்தர் மண்வெட்டியோடு காத்திருக்கவில்லை.

நான் ஏன் இதில் கை வைத்தேன் என்று கேட்பாய். நீ போன அந்தக் குளிர்காலத்தில் பழைய போனில் ஒரு செய்தி வந்தது. பனிக்கார அம்மா எழுதியிருந்தார். மொழிபெயர்த்துக் காட்டியது போன். "உப்பைத் தாண்டி வந்துவிட்டது. உங்கள் களத்தின் ஓரத்தில் நிற்கிறது. உள்ளே விடமாட்டீர்களா?" உனக்கு அதை அப்படியே படமெடுத்து அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். வேலை அதிகம், பாவம் என்று உன்னை மறுபடி தொந்தரவு பண்ணவில்லை. ஆனால் ஒரு ஜீவன் நம் ஓரத்தில் வந்து நிற்கிறது என்ற நினைப்பு என்னை விடவே இல்லை கண்ணு. லாட்ஜில் ஒருத்தர் வந்து கவுன்டரில் நின்றால் அவரை நிற்க வைத்துவிட்டு நான் தண்ணீர் குடிக்கக்கூடப் போகமாட்டேன்.

டூட்டி மத்தியானம்தானே. காலையில் களத்துக்குப் போனேன். அப்பாவிடம், "தம்பி எடுக்கச் சொன்னானுங்க" என்று சொல்லி மூங்கிலைப் பிடிக்க வைத்தேன். அங்கேயும் ஒரு பொய். உன்னைப் போல் எனக்குச் சிறகு வரவில்லை. பலகை கனமாக இருந்தது, வரி கோணலாகப் போனது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பலகையை வைத்துவிட்டுக் காலாலேயே கொட்டையை ஒதுக்கினேன். பறவை பறக்கவில்லை, நடந்தது. ஒரு காலைத் தூக்கி வைக்கும், நிற்கும், இன்னொரு காலைத் தூக்கும். ராசாத்தி பார்த்துவிட்டு, "என்னங்க்கா, டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு நடக்கறாப்பல இருக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியே எடுத்து, கரடியூருக்குப் போய், உன் பெயரிலேயே போட்டுவிட்டேன். ஒரு தடவைதானே என்று நினைத்தேன். பனிக்கார அம்மா, "உங்கள் பறவை மாறிவிட்டது. களைத்திருக்கிறது. என் வாசலிலும் நடந்தே போகட்டும்" என்று பனியில் நடக்கவிட்டு அனுப்பினார். உப்புக்காரரும் நடக்கவிட்டார். அது சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. நான் மறுபடி உள்ளே விட்டேன்.

உன் பெயரை ஏன் மாற்றவில்லை என்றால், என் பெயரைப் போட வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நாற்பது தாண்டினவள், ரைட்டர் சம்சாரம், காப்பியைக் காலால் தள்ளிப் படம் போடுகிறாள் என்று யாராவது சிரிப்பார்களோ என்று. அதோடு, உன் பெயர் அங்கே உயிரோடு இருக்கிற மாதிரியும் இருந்தது. நீ விட்டுவிட்டாய் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. உன் சாப்பாட்டை மூடி வைக்கிற மாதிரி அதை வைத்திருந்தேன். அது உன் தலையில் இப்படி வந்து விழும், நாலு பேர் முன்னால் நீ திருடன் மாதிரி முழிப்பாய் என்று யோசிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு இந்தப் பயம் மட்டும் வரவில்லை பார்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "ஏம்புள்ள, அப்ப இத்தன நாளு நான் மூங்கில் புடிச்சது உனக்கா?" "ஆமாங்க." "தோளு வலிக்குதுன்னு அவனத் திட்டிட்டிருந்தேனே. பையன் பாவம்." அப்புறம் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "அழிச்சான்னா அந்தப் பனிக்கார அம்மாதும் போயிருமா?" என்று கேட்டார். போய்விடும். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அவருடைய போன் பனித் தண்ணீரில் விழுந்து எல்லாம் போய்விட்டதாம். இத்தனை வருஷம் அவர் வாசலில் வரைந்தது இப்போது உன் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தார். உப்புக்காரரும் வேறெங்கும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நீ ஒரு விரலால் அமுக்கினால் போவது உன் பறவையும் என் பறவையும் மட்டும் இல்லை.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடு கண்ணு. "நடக்குறது எங்கம்மா செஞ்சது சார், பறக்குறது நான் செஞ்சது" என்று சொல். சிரித்தால் சிரிக்கட்டும். அவர் கேட்கிற விளம்பரத்துக்கு நடக்கிற பறவை வேண்டுமென்றால் கிடையாது என்று நான் சொன்னதாகச் சொல். இதனால் உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி, அடுத்ததையும் செய்யத் தெரியாமல் நீ ராத்திரியெல்லாம் விழித்திருப்பதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. நீ மறுபடி வரைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெயிலில் எதற்கு நின்றேன் என்று நீ கேட்டது நியாயம். உனக்குத் தோன்றினால் செய், தோன்றாவிட்டால் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு. அந்த வறட்டு இருமலை யாரிடமாவது காட்டு.

என் பெயரில், நம் ஊர் பெயரைப் போட்டு, இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். "ஒன்றரை வருஷமாக நடக்கிற பறவையைச் செய்தது இந்தப் பையன் இல்லை, அவனுடைய அம்மா. அவனைக் கேட்காமல் அவன் பெயரில் போட்டேன், மன்னித்துவிடுங்கள்." இன்னும் போடவில்லை. பக்கம் உன்னுடையது, இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன். போடலாமா, சொல். முடியாது, மூடத்தான் போகிறேன் என்றாலும் சரி, அவரவர் படத்தை அவரவர் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிற வரைக்காவது பொறு. காலையில் இதைப் படித்ததும் ஆபீஸ் கிளம்புமுன் ஒரு வரி போடு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை, பதில் மட்டும் சீக்கிரம் எழுது.

அம்மா